அரை டின் சிவப்பு பெயின்ட்

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு கிராமத்து அடிபம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது. அடிக்கவில்லை. “இந்தத் தண்ணியக் குடிக்கலாம்ல?” என்று கேட்ட சிநேகிதனிடம், “பரவாயில்ல” என்று சொன்னேன். அது குடிக்கக் கூடாத தண்ணீர். எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு பெயின்ட் விஷயத்துக்கா இத்தனை பீடிகை என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்... இந்தக் கோடை வரை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உப்பைக் குறையுங்கள், கையைக் கழுவுங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள் என்று உங்களை நச்சரிப்பவன். திருநகரில் தனியாக இருக்கிறேன். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவியும் குக்கரும்தான். போன் வரும். எடுத்தால், “சார், பர்சனல் லோன் வேணுமா?” என்று ஒரு பெண் கேட்பாள். சில நாட்களில் அவளிடமே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பேன். சிரிக்காதீர்கள்.

பல்செட் தளர்ந்துவிட்டது என்று கோடையில் ஒருநாள் பக்கத்துப் பல் கிளினிக்குக்குப் போனேன். கூட்டம். எதிர் நாற்காலியில் ஒரு இளம்பெண். முகத்தில் மாஸ்க். கொரோனா போய் எத்தனை காலம் ஆகிவிட்டது! நம் ஜனம் மாஸ்க்கைத் தாடைக்குப் போட்டு, பிறகு காதில் தொங்கவிட்டு, பிறகு மறந்தே போய்விட்டது. இந்தப் பெண் மூக்கு முழுக்க மூடி, ஓரம் அழுத்தி, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலப் போட்டிருந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“சபாஷ்மா. உன்ன மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கெல்லாம் வேலையே இருக்காது” என்றேன்.

அவள் கண் கீழே போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார்.

“அது நோவுக்குப் போட்டதில்லீங்க. பல்ல மறைக்கப் போட்டது. ஆபீசுலயும் இதேதான். கழட்டுறதே இல்ல.”

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். திரும்பினார் என்றா சொன்னேன்? கழுத்து அசையவில்லை. நாற்காலியில் இடுப்பை நகர்த்தி, தோளை நகர்த்தி, முழு உடம்போடு என் பக்கம் வந்தார். வந்ததும் அவர் முகம் மாறியது.

“டாக்டரண்ணே! நீங்களாண்ணே?”

என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

“ராசாங்கம்?”

“மந்தை ராசாங்கம்தாண்ணே! நல்லவேளை, பேராச்சும் ஞாபகம் வச்சிருக்கீகளே. எங்க வீட்டு நாட்டுக்கோழிக் குழம்புக்குக் காட்டுன விசுவாசத்த ஆளுக்குக் காட்டலையே!”

“கழுத்துக்கு என்னப்பா?”

“வாதம்ணே. முதுகும் புடிச்சுக்கிருச்சு. எங்க தெருவுல பாதிப் பேரு இப்படித்தான். திரும்பணும்னா லாரி மாதிரி ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பணும்.” கிளினிக்கே கேட்கச் சிரித்தார். “இவ என் கடைசிப் பொண்ணு சுகன்யா. சமயநல்லூர்லருந்து ஒரு எடம் வந்துருக்கு. பையனுக்குப் புடிச்சிருச்சு. அவுக அம்மாதான் பல்லப் பாத்து யோசிக்குதாம். அதான் பல்லுக்கு மேல உறை போட்டுறலாம்னு கூட்டியாந்தேன். நம்ம வம்சப் பல்லுண்ணே. எனக்கு, தம்பிக்கு, இப்ப இவளுக்கு... எல்லாம் ஒரே அச்சு.”

வம்சப் பல்! ஊர்ப் பொதுத்திடலான மந்தையை ஒட்டிய தெரு என்பதால், ஊரில் அதற்கு ‘மந்தைப் பல்லு’ என்று பெயரே இருக்கிறதாம். வெளியூரில் ஒருவன் வாயைத் திறந்தால் போதும், ‘நம்ம தெருக்காரன்’ என்று கண்டுகொள்வார்களாம். அவருடைய அப்பா காலத்து ஆட்களுக்கு அந்தக் கறை இருந்ததா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்தாலும் பார்க்க வழியில்லை. அந்தக் கிழடுகளுக்கு அப்போதே பல் இல்லை.

நான் சிரித்தேனா, என்ன சொன்னேன், ஞாபகம் இல்லை. பல்செட்டைச் சரிசெய்யாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அது வம்சம் இல்லை. வாதமும் இல்லை. இரண்டும் ஒரே அடிபம்பிலிருந்து வந்தவை. அந்தப் பம்பு எது என்று எனக்குத் தெரியும்.

அப்போது எங்கள் துறை, திருமங்கலத்துக்கு மேற்கே சில ஊர்களில் போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஃப்ளோரைடு என்று ஒன்று அளவுக்கு மேல் இருந்தால், பல் உருவாகும் வயதுப் பிள்ளைகளுக்குப் பழுப்புக் கறை உள்ளிருந்தே ஏறும். தேய்த்தால் போகாது. பல வருடம் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகும், மூட்டு மடங்காது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. காய்ச்சினாலும் போகாது. குடிக்க நன்றாகவே இருக்கும் — அதுதான் ஆபத்து.

கெட்ட தண்ணீர் வரும் பம்புக்குச் சிவப்பு அடித்துவிட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அதுதான் ஏற்பாடு.

ராசாங்கத்தின் ஊரில் இரண்டு பம்புகள் மோசம். ஒன்று காலனியில் — மற்றவர்களின் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள் இருந்த தெரு. இன்னொன்று மந்தையில், கோயிலுக்கு எதிரே — நிலம் வைத்திருந்த ராசாங்கத்தின் ஆட்கள் புழங்கிய இடம். காலையில் காலனிக்குப் போனோம். பம்புக்குச் சிவப்பு அடித்தோம். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிறகு மந்தைக்கு வந்தோம். பிரஷ்ஷை டின்னில் முக்கிய என் கையை, பரிசோதனைக்கு வந்துபோனதில் சிநேகிதமாகியிருந்த ராசாங்கம் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, என்ன காரியம் பண்றீக? காலனிக் குழாய்க்கும் செவப்பு, எங்க குழாய்க்கும் செவப்பா? ரெண்டும் ஒண்ணுன்னு ஊரே சிரிக்காது?”

“தண்ணி ரெண்டும் ஒண்ணுதானப்பா.”

“தண்ணி ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்ணே... தங்கச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம். மாப்ள வீட்டுக்காரவுக வந்து எறங்குறதே இந்த மந்தையிலதான். வந்த ஒடனே இதுதான் கண்ணுல படணுமா? கல்யாணம் முடியட்டும். நானே அடிச்சு விடுறேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “குடிக்கலாம்ல?”

அப்போதுதான் அந்தப் “பரவாயில்ல”வைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன்? நிறைய நாள் யோசித்துவிட்டேன். அவர் வீட்டில் மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. அது ஒரு காரணம், அற்பக் காரணம். நான் ஒரே பிள்ளையாக வளர்ந்தவன். அண்ணே என்று கூப்பிட எனக்கு யாரும் இருந்ததில்லை. அந்த அழைப்பைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதுவும் அற்பம்தான். ஆனால் உண்மை.

டின்னில் பாதி பெயின்ட் மிச்சம். வீட்டுக்குக் கொண்டுவந்து என் வீட்டு கேட்டுக்கு அடித்தேன். “நல்லா எடுப்பா இருக்கு” என்றாள் மனைவி.

திரும்ப அந்த ஊருக்குப் போகவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினேன். அதில் மந்தைப் பம்பும் உண்டு. அளவு சரி, முடிவு சரி, எல்லாம் சரி. கருத்தரங்கில் கைதட்டினார்கள். வெளியூருக்கு மாற்றல், பதவி உயர்வு. அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர்கூட மந்தையில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிப்பவர் இல்லை. பிடிப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான் — சிவப்பு அடித்தது கெட்ட குழாய், அடிக்காதது நல்ல குழாய். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

கிளினிக்கில் பார்த்த அடுத்த வியாழக்கிழமை, என் கேட்டைத் திறக்கும் சத்தம். ராசாங்கம்.

“டாக்டருகிட்ட அட்ரஸ் வாங்கிட்டேண்ணே. பொண்ணு உள்ள பல்லு பாக்குறா. அவ முடிச்சு வர்ற வரைக்கும் அங்க ஒக்காந்து என்ன செய்ய? அதான் அண்ணனப் பாப்பமேன்னு...”

கையில் ஒரு பை வெண்டைக்காய். இன்னொரு கையில் தண்ணீர் கேன்.

“இது எதுக்குப்பா?”

“மந்தைத் தண்ணிண்ணே! பம்பத் தூக்கிட்டு மோட்டார் மாட்டி, டேங்க் வச்சுட்டோம். போர் அதே போருதான். ஆர்.ஓ. தண்ணியெல்லாம் செத்த தண்ணிண்ணே. இதக் குடிச்சுப் பாருங்க, எம்புட்டு ருசியா இருக்கும்னு!”

“உங்க தெருவுக்கு ஆத்துத் தண்ணி பைப் வரலையா?”

“வந்துருக்கே. ஒரே பிளீச்சிங் நாத்தம். அது மாட்டுக்கு. எங்க ஊருல அதுக்குப் பேரே மாட்டுத் தண்ணி.”

மாடுகளுக்கு நல்ல தண்ணீர், மனிதர்களுக்கு அது. சிரிக்கத் தோன்றவில்லை.

அவர் போன பிறகு கேனிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவிக்கு அனுப்பினேன். “குடிக்கவே கூடாது சார். எந்த ஊரு?” என்று போன் செய்தாள். மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

அப்போதே ராசாங்கத்திடம் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

சொல்லவில்லை. இது என் இரண்டாவது குற்றம். முதல் குற்றத்துக்கு இளமை, வேலை, அவசரம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வேன்? வியாழன்தோறும் அவர் வந்தார். கடுங்காப்பி குடித்தார். எலெக்ஷன் பேசினார், ஆட்டு விலை பேசினார், சம்பந்தி வீட்டைக் கிண்டல் செய்தார். புதன்கிழமையே நான் வீட்டைப் பெருக்கி வைத்தேன். இரண்டு டம்ளர் கழுவி வைக்கும் வீடாக என் வீடு மறுபடி ஆனது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த வாரம்... என்று தள்ளினேன். ஒவ்வொரு வாரமும் ஒரு கேன் வந்தது. ஒவ்வொரு வாரமும் செடிக்குப் போனது.

“குடிக்கிறீகளாண்ணே?”

“ம்.”

ஒரு வியாழக்கிழமை, உட்காரும்போதே போனை நீட்டினார். முகமெல்லாம் பூரிப்பு.

“பேரனுக்குப் பால்பல்லு விழுந்து புதுப்பல்லு மொளைச்சிருக்குண்ணே. பாருங்க... நம்ம மந்தைப் பல்லு! வம்சம் விட்டுப் போகல!”

போட்டோவில் ஒரு பையன் வாயை இரண்டு விரலால் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். முன்னால் ஒற்றைப் பல். அதில் பழுப்புக் கறை. அவன் மடியில் ஒரு கைக்குழந்தை.

“இது?”

“பேத்தி. எட்டு மாசம். தாய்ப்பால் பத்தல. பவுடர் பாலுதான்.”

“எந்தத் தண்ணியில கலக்குறீங்க?”

“வேற எதுல? நல்லாக் காய்ச்சித்தாண்ணே கலக்குறோம். நீங்கதான் பத்திரிகையில அடிக்கடி எழுதுறீகளே, தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு.”

இதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது?

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரைச் சொன்னேன், பல்லைச் சொன்னேன், கழுத்தைச் சொன்னேன். பிரஷ்ஷை முக்கிய அந்தக் காலையைச் சொன்னேன். பையனுக்குப் பல்லில் ஏறிய கறை இனி போகாது, அவனுக்கு இன்னும் முளைக்க வேண்டிய பற்களையும் குழந்தையையும் காப்பாற்றலாம் — இன்றைக்கே தண்ணீரை மாற்றினால், என்றேன்.

ராசாங்கம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நாந்தான வேணாம்னேன்?” என்றார்.

“நீ சொன்னே. ஆனா நான்...”

“நான் ஆயிரம் சொல்லுவேன்! எனக்கென்ன தெரியும்? தங்கச்சி கல்யாணம், மானம், மருவாதின்னு எதையாச்சும் சொல்லுவேன். நீங்க டாக்டரு. ஊசி வேணாம்னு புள்ள அழுதா விட்டுட்டுப் போயிருவீகளா?”

அவர் கண் மூலையில் இருந்த கேனுக்குப் போனது.

“இம்புட்டு நாளா கேன் கேனாக் கொண்டாந்தனே... எல்லாத்தையும் என்ன பண்ணுனீக?”

“செடிக்கு ஊத்துனேன்.”

“ஓ.” மெல்லத் தலையாட்டப் பார்த்தார். முடியவில்லை. “உங்களுக்கு வேணாம். எங்களுக்குப் பரவாயில்ல.”

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: “நடந்தது நடந்துபோச்சு. வீட்டுல புள்ளைகளுக்கு நான் தண்ணிய மாத்திக்கிறேன். நீங்க வெளிய வாயத் தொறக்காதீக. தெருவே நோஞ்சான் தெருன்னு பேராயிட்டா சமயநல்லூரு எடம் நிக்குமா? பொண்ணு கல்யாணம் முடியட்டும்ணே. அப்பறம் மைக்கு வச்சுக்கூடச் சொல்லுங்க.”

கல்யாணம் முடியட்டும். அதே வார்த்தை. அன்றைக்குத் தங்கை, இன்றைக்கு மகள்.

சரி என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஆனால் அந்தத் தெருவில் பவுடர் பால் குடிக்கும் குழந்தை அவர் பேத்தி மட்டும்தானா?

“இல்ல ராசாங்கம். இந்த ஞாயித்துக்கிழமையே வாரேன்.”

அவர் எழுந்தார். காலி கேனை எடுத்துக்கொண்டார். முழு உடம்போடு வாசல் பக்கம் திரும்பினார்.

“வாரேன் சார்” என்றார்.

சார்.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் பஸ் மாறி அந்த ஊருக்குப் போனேன். கையில் பெயின்ட் டின், பிரஷ், பரிசோதனை ரிப்போர்ட். மந்தையில் டீக்கடை. நல்ல கூட்டம். ராசாங்கம் இல்லை. ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் யார், என்ன செய்தேன், தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். காலமெல்லாம் வகுப்பெடுத்தவன். அன்றைக்கு ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் படித்தேன்.

“பெருசு, இம்புட்டு வருசமாக் குடிக்கிறோம். செத்தா போனோம்?” என்றார் ஒருவர்.

“சாகல. கழுத்தத் திருப்புங்க பாப்போம்” என்றேன்.

அவர் திருப்பவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு இளைஞன் போனில் வீடியோ எடுத்தான். “முப்பது வருசம் எங்க தாத்தா போனீங்க?” என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் தள்ளிக் குடத்தோடு நின்ற ஒரு பெண், “நான் அப்பவே சொன்னேன்... எனக்கு வெள்ளப் பல்லு, எங்க வீட்டுக்காரரோட சித்தி எல்லாம் வேற ஊருப் பொண்ணுக, அவுகளுக்கும் வெள்ளப் பல்லு. இங்க பொறந்ததுகளுக்கு மட்டும் ஏன் இப்படின்னு. ‘வந்தவளுக்கு வாயப் பாரு’ன்னு அடக்குனீகளே!” என்றாள். சொன்னது என்னிடம் இல்லை, டீக்கடையில் உட்கார்ந்திருந்த தன் மாமனாரிடம்.

டேங்க் நிற்கும் தூணுக்குச் சிவப்பு அடித்தேன். குனிய முடியவில்லை. கீழ்ப்பாதியைத் தரையில் உட்கார்ந்து அடித்தேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் உதவவும் இல்லை. வேட்டியெல்லாம் பெயின்ட்.

அதோடு பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். காலனிக்கும் போனேன். நான் சிவப்பு அடித்த பம்பு இன்னும் அங்கே நிற்கிறது. துருவா பெயின்ட்டா தெரியாத நிறம். பக்கத்து வீட்டு வாசலில் பாண்டியம்மாள் என்ற அம்மாள் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பெயின்ட் அடித்தபோது இருபது வயசாம். என்னை ஞாபகம் வைத்திருந்தார்.

“செவப்புக் குழாய்த் தெருன்னே எங்களுக்குப் பேரு வச்சிட்டாக டாக்டரு. ரேசன் கடை வரிசையில ‘ஏ செவப்பு, தள்ளி நில்லு’ம்பாக. குடிக்கத் தண்ணியில்லாம மந்தைக்குப் போனா, குழாயத் தொடக்கூடாதுன்னு வெரட்டுனாக. தோட்டத்துக் கெணத்துலருந்து சொமந்தோம். சண்ட போட்டோம், ரோட்டுல ஒக்காந்தோம். அப்பறந்தான் ஆத்துத் தண்ணி மொதல்ல எங்களுக்கு வந்துச்சு.”

மந்தையில் அடிக்காமல் விட்ட கதையைச் சொல்லி, “உங்ககிட்டக் கேக்காம அடிச்சது தப்புதாம்மா” என்றேன்.

அவர் மிளகாயைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “கேட்டுருந்தா நாங்களும் வேணாம்னுதான் சொல்லிருப்போம். நீங்க மதிச்சுக் கேக்கல, அதுனால தப்பிச்சோம். அவுக பேச்ச மதிச்சுக் கேட்டீக... பாவம்.”

கொஞ்சம் நிறுத்தி, “அதுக்காக மதிக்காததுக்கு நன்றியா சொல்ல முடியும்?” என்றார். பிறகு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பிளீச்சிங் வாடை அடித்தது. என் ஆயுளில் அவ்வளவு நல்ல தண்ணீர் குடித்ததில்லை.

ஆராய்ச்சி என்றால் என்ன, சுகாதாரக் கல்வி என்றால் என்ன என்று நான் வருடக்கணக்காகப் பாடம் எடுத்திருக்கிறேன். கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டுபிடித்ததைப் பிடிக்காதவரிடமும் போய்ச் சொல்வது மறுபாதி. காலனியில் பாதி செய்தேன் — பெயின்ட் அடித்தேன், உட்கார்ந்து பேசவில்லை. மந்தையில் பேசினேன், சாப்பிட்டேன், சிரித்தேன் — சொல்லவில்லை. இரண்டு தெருவிலும் பாதிப் பாதி.

பிறகு என்ன நடந்தது?

சில நாளில் சுகன்யா போன் செய்தாள். தூணில் நான் அடித்த சிவப்புக்கு மேல் யாரோ வெள்ளை அடித்துவிட்டார்களாம்.

“நான் மறுபடி செவப்பு அடிச்சிட்டேன் டாக்டர். நீங்க டின்ன அங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“அப்பா ஒண்ணும் சொல்லலையா?”

“பாத்துட்டுப் பேசாமப் போயிட்டாரு. சாயங்காலம் பொம்பளைங்க தண்ணி புடிக்க வந்தப்ப மாஸ்க்கக் கழட்டிட்டு அந்தத் தூணுகிட்ட நின்னேன். உங்க ரிப்போர்ட்ட யாருக்கும் படிக்கத் தெரியல. என் வாயப் படிச்சாங்க. முன்னால இருக்கிற பல்லுக்கு மட்டும் உறை போட்டாச்சு. மத்தத அப்படியே விட்டுருக்கேன்... காட்டுறதுக்கு.”

“சமயநல்லூர்ல?”

“அதையேன் கேக்குறீங்க! வீடியோ அங்கயும் போயிருச்சு. அப்பா ரெண்டு நாள் சாப்பிடல. மாப்ளயோட அம்மாவே போன் பண்ணிட்டாங்க. ‘அடப்பாவிகளா, தண்ணிதானா? வம்சத்துலயே ஏதோ கோளாறு, பொறக்குற புள்ளைக்கும் வரும்னுல பயந்துக்கிட்டுக் கெடந்தேன்! இத மொதல்லயே சொல்ல வேண்டியதான’ன்னாங்க.”

மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. போனை வைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் பாதி வீடு மாட்டுத் தண்ணீருக்கு மாறிவிட்டதாம். மீதிப் பாதி, நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர் என்று இன்னும் டேங்குக்குத்தான் போகிறது. ராசாங்கத்தின் வீடு மாறிவிட்டது. குழந்தைக்கு ஆற்றுத் தண்ணீர்.

வியாழக்கிழமைகளில் நான் இப்போதும் இரண்டு டம்ளர் கழுவி வைக்கிறேன். ஒன்று காய்ந்தபடியே இருக்கிறது.

போன வியாழன் வாசலில் ஆட்டோ. சுகன்யா இறங்கி வந்தாள். மாஸ்க் இல்லை. கையில் தட்டு — வெற்றிலை, பழம், கல்யாணப் பத்திரிகை. நம் பக்கம் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்துதான் பத்திரிகை வைப்பார்கள். கல்யாணப் பெண் தானே கொண்டுவந்து நீட்டுவதில்லை.

“அப்பா?”

“ஆட்டோவுலதான் இருக்காரு. நீயே குடுத்துட்டு வான்னுட்டாரு.”

“என்ன வரச் சொன்னாரா?”

“வந்தா வரட்டும்னாரு.” சிரித்தாள். உறை போட்ட பல்லும் போடாத பல்லும் தெரியச் சிரித்தாள். “கட்டாயம் வரணும் டாக்டர். மந்தையிலதான் பந்தல். சமையலுக்கெல்லாம் மாட்டுத் தண்ணிதான், பயப்படாம சாப்பிடலாம்.”

அவளோடு கேட் வரை போனேன். ஆட்டோவின் பின்சீட்டில் ராசாங்கம் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ராசாங்கம்...” என்று கூப்பிட்டேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ராசாங்கம் திரும்பவில்லை.

கோபத்தினாலா, கழுத்தினாலா? எனக்குத் தெரியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது.

அது தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. திரும்ப முடியாத மனிதரைப் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறேன்! நாலு எட்டு சுற்றிப் போய் எதிரே நிற்க வேண்டியவன் நான்தானே?

கல்யாணத்துக்குப் போவேன். முன்பக்கமாகப் போவேன்.